பழைய கணினியில் கிராஃபிக்ஸ் மந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தால் கை போன இடத்துக்கு அது வந்து சேர ஒரு கணம் ஆகிறது. காணொளி திக்கித் திக்கி ஓடுகிறது. போன மாதம் வரை நன்றாக ஓடிய விளையாட்டு இப்போது படம் படமாக நகர்கிறது. இந்தக் குறைகளோடு வருகிறவர்களில் பலர் புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு விலையும் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பணத்தை எடுப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டியவற்றை இங்கே சொல்லியிருக்கிறேன். ஏறத்தாழ 2008க்கும் 2017க்கும் இடையில் வாங்கிய, விண்டோஸ் 7 அல்லது 10 ஓடுகிற கணினிகளை மனத்தில் வைத்து எழுதியது. லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

கணினிக்குப் பத்து வயதாகிவிட்டது. வயதானால் வேகம் குறையத்தானே செய்யும்?

குறையாது. பிராசஸரும் கிராஃபிக்ஸ் சில்லும் வாங்கிய நாளில் என்ன வேகத்தில் கணக்குப் போட்டனவோ, இன்றும் அதே வேகத்தில் போடக்கூடியவைதான். மாறுவதெல்லாம் அவற்றைச் சுற்றி நடக்கிறது. பிரவுசர் கனத்துவிடுகிறது. சில்லின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கில் தூசி அடைகிறது. சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிடுகிறது. ஏதோ ஓர் அப்டேட்டில், கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் நிரலான டிரைவரை விண்டோஸ் மாற்றிவிடுகிறது.

அதனால் மாடல் எண்ணைக் கேட்பதற்கு முன்பே, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டுவிடுவேன். ஒரே நாளில் வந்த மந்தம் என்றால் டிரைவர், கேபிள், சார்ஜர், மின் இணைப்பு இவற்றில் ஏதோ ஒன்று. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியது என்றால் சூடு, தூசி, ரேம் பற்றாக்குறை. இந்த ஒரு பதிலிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். "முந்தின நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "ஒன்றுமே செய்யவில்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், வீடு மாறியபோது கேபிளைக் கழற்றி மாட்டியதோ, தம்பி விண்டோஸை மறுபடி நிறுவியதோ வெளியே வரும்.

கோளாறு கிராஃபிக்ஸில்தானா, வேறெங்காவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த மென்பொருளும் வேண்டாம். எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓர் ஓரமாக வையுங்கள். நோட்பேடைத் திறந்து, அதன் தலைப்புப் பட்டையைச் சுட்டியால் பிடித்துத் திரை முழுக்க வட்டமாகச் சுற்றுங்கள். பத்து நொடி போதும். சுற்றும்போது பிராசஸரின் சதவீதத்தைக் கவனியுங்கள்.

ஜன்னல் பின்தங்கி வந்து, பிராசஸரும் கிடுகிடுவென்று ஏறினால், கிராஃபிக்ஸ் சில்லு செய்ய வேண்டிய வேலையைப் பிராசஸர் தலையில் கட்டியிருக்கிறது என்று பொருள். ஜன்னல் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் ஒரு நிரலைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க் அல்லது ரேம். அது கிராஃபிக்ஸ் மந்தமே இல்லை. தொடக்கத்தில் எல்லாம் நன்றாக இருந்து கால் மணி நேரத்தில் கெடுகிறது என்றால் சூடு.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று காட்டுகிறது. அதுதான் என் கார்டின் பெயரா?

அது எந்தக் கார்டின் பெயரும் அல்ல. சரியான டிரைவர் கிடைக்காதபோது திரையில் ஏதாவது தெரிந்தால் போதும் என்று விண்டோஸ் போட்டுக்கொள்ளும் பொது டிரைவர் அது. விண்டோஸ் 7இல் இதே நிலைமை "ஸ்டாண்டர்டு விஜிஏ கிராஃபிக்ஸ் அடாப்டர்" என்ற பெயரில் தெரியும். இந்த டிரைவர் இருக்கும்வரை உங்கள் கிராஃபிக்ஸ் சில்லு சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது; முப்பரிமாண வேலைகள் எல்லாவற்றையும் பிராசஸர்தான் மென்பொருள் வழியாகச் செய்கிறது. பழைய இரண்டு கோர் பிராசஸருக்கு இது தாங்காது.

பெயரைப் பார்க்காமலேயே இதை ஊகிக்கச் சில அடையாளங்கள் உண்டு. லேப்டாப்பில் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. திரையின் பிக்சல் அளவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒன்றிரண்டு அளவுகள்தான் இருக்கும், எழுத்தெல்லாம் சற்று அகன்று தெரியும். இரண்டாவது மானிட்டரை மாட்டினால் எழுந்திருக்காது. விண்டோஸை மறுபடி நிறுவிய கையோடு இவை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய: விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று தட்டுங்கள். டிஸ்ப்ளே தாளில் சில்லின் பெயர், டிரைவரின் தேதி, முப்பரிமாண வேலையைச் சில்லிடம் ஒப்படைக்கும் டைரக்ட்3டி முடுக்கம் இயங்குகிறதா இல்லையா என்பன வரிசையாக இருக்கும்.

விண்டோஸ் 10க்கு மாறிய பிறகுதான் இப்படி. என் கார்டுக்கு டிரைவரே இல்லை என்கிறார்கள். உண்மையா?

சிலருக்கு உண்மை. இன்டெல் தன் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் உள்ள எச்டி 2000, எச்டி 3000 கிராஃபிக்ஸை விண்டோஸ் 10க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனாலும் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு பழைய டிரைவர் வந்து சேரும். அன்றாட வேலைக்கு அது போதும். அதற்கும் முந்தைய ஜி31, ஜி41 மதர்போர்டுகளில் உள்ள ஜிஎம்ஏ கிராஃபிக்ஸ் அந்தக் காலத்திலேயே மெலிந்ததுதான். அதில் விண்டோஸ் 7 ஓடிய அழகோடு 10 ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

என்விடியாவின் ஃபெர்மி தலைமுறைக்கு, அதாவது ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைகளுக்கு, 2018இல் புதிய டிரைவர்கள் நின்றுபோயின. 600, 700 வரிசைகளில் பெரும்பான்மையாக உள்ள கெப்ளர் தலைமுறைக்கு 2021இல் நின்றன; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 செப்டம்பர் வரை வந்தன. ஏஎம்டி தன் ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகளை 2015 நவம்பரிலேயே பழையவை என்று ஒதுக்கிவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த டிரைவர் இன்னும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கிறது. கடைசி டிரைவர் பழையதாக இருப்பதில் தவறில்லை. டிரைவரே இல்லாமல் ஓட்டுவதுதான் தவறு.

போடும் முறையில் ஒரு சொல். முந்தைய டிரைவரின் மிச்சங்கள் சிக்கல் செய்வதாகத் தெரிந்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை, விண்டோஸைக் குறைந்தபட்ச டிரைவர்களோடு எழுப்பும் சேஃப் மோடில் ஓட்டித் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்போது இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கோப்பைத் தேடி எடுப்பதற்குள் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுவிடும். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறேன். டிரைவரும் சரி. ஆனாலும் கார்டு இல்லாத கணினி போலவே ஓடுகிறதே?

கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது? யுஎஸ்பி, ஆடியோ துளைகளோடு மேலே செங்குத்தாக இருப்பது மதர்போர்டின் இணைப்பு. அதற்குக் கீழே, தனிப் பட்டையில் கிடைமட்டமாக இருப்பதுதான் கார்டின் இணைப்பு. சில மதர்போர்டுகள் கார்டு மாட்டியதும் தம் சொந்த கிராஃபிக்ஸை அணைத்துவிடும். அங்கே தவறான துளையில் செருகினால் திரை கறுப்பாகி உடனே தெரிந்துவிடும். மற்றவை இரண்டையும் உயிரோடு வைத்திருக்கும். அங்கேதான் வினை: படம் வரும், கார்டு சும்மா இருக்கும். வீடு மாற்றிய பிறகு வரும் மந்தத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கின்றன. எது ஓடுகிறது என்று எப்படி அறிவது?

விண்டோஸ் 10இன் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு நிரலுக்கும் எந்தச் சில்லு என்று தேர்ந்தெடுக்கலாம். பழைய லேப்டாப்களில் என்விடியாவின் கன்ட்ரோல் பேனல்தான் வழி. அதோடு, சார்ஜர் இல்லாமல் ஓட்டினால் இரண்டுமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. யூடியூப் மட்டும் திக்குகிறது. இணையம் வேகமாகத்தான் இருக்கிறது.

பழைய கணினிகளில் இன்று அதிகம் தென்படும் கோளாறு இது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காணொளி சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரித்துப் படமாக்க வேண்டும். அந்தச் சுருக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கிராஃபிக்ஸ் சில்லுகளில் எச்.264 என்ற கோடெக்கை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று உண்டு. பிராசஸர் அசைய வேண்டியதில்லை. ஆனால் யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய கோடெக்குகளில் அனுப்புகிறது. குறைந்த டேட்டாவில் நல்ல படம் தருவதால் அவர்களுக்கும் இலாபம், நமக்கும் இலாபம். பழைய சில்லுக்குத்தான் அந்த மொழி தெரியாது. இன்டெலில் விபி9க்கு முழுமையான வன்பொருள் ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்கு 2020இல் வந்த பதினோராம் தலைமுறையில். என்விடியாவின் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளில் இரண்டுமே கிடையாது. ஆகவே காணொளி முழுவதையும் பிராசஸரே விரிக்கிறது, திணறுகிறது, சில படங்களைத் தவறவிடுகிறது.

நேரில் பார்க்க, ஓடும் காணொளியின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் வரும் பட்டியலின் கடைசியில் உள்ள "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புப் பெட்டி ஒன்று வரும். கோடெக் வரியில் ஏவி01 அல்லது விபி09 என்று இருந்து, தவறவிட்ட படங்களின் எண்ணிக்கை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டு போனால் நோய் இதுதான்.

மருந்து எளிது. எச்264இஃபை (h264ify) என்ற பிரவுசர் நீட்சியைப் போடுங்கள். அது யூடியூபிடம் "எனக்கு எச்.264 மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிடும். 1080பி வரை இது வேலை செய்யும். அதற்கு மேற்பட்ட தரம் அந்தக் கோடெக்கில் கிடைக்காது. பழைய மானிட்டருக்கு அதுவே மிச்சம். கூடவே பிரவுசர் அமைப்புகளில் கிராஃபிக்ஸ் முடுக்கத்துக்கான பொத்தான் இயங்கு நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் காலத்திலோ யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம்.

விண்டோஸ் 7இலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. அதில் ஓடும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. அதன் பிறகு புதிய இணையதளங்கள் ஏடாகூடமாக ஓடுவதற்கு கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மந்தமாகிறது. ஏன்?

சூடு. ஒரு வரம்பைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சில்லு வேகத்தைக் குறைக்கும். இன்டெல் பிராசஸர்களில் பலவற்றுக்கு அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது; என்விடியா கார்டுகளில் பல 80 டிகிரியைத் தாண்டியதுமே மெல்ல இறங்கத் தொடங்கும். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ, ஜிபியு-இசட் ஆகிய கருவிகள் இரண்டும் இலவசம். ஒன்றை ஓடவிட்டு, விளையாட்டையோ காணொளியையோ அரை மணி நேரம் ஓட்டி, வெப்பநிலையும் வேகமும் எப்படிப் போயின என்று பாருங்கள். என்விடியா கார்டு என்றால் ஜிபியு-இசட்டில் "பெர்ஃப்கேப் ரீசன்" என்று ஒரு வரி இருக்கும். வேகம் குறைந்ததற்குக் காரணம் சூடா, மின்சாரமா என்று கார்டே அதில் ஒப்புக்கொள்ளும்.

தூசியைத் துடைத்துவிட்டேன் என்பவர்கள் பெரும்பாலும் விசிறியின் இறக்கைகளைத்தான் துடைத்திருப்பார்கள். அடைப்பு அங்கே இல்லை. விசிறியைக் கழற்றிப் பாருங்கள்: அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும் அளவுக்கு ஒரு படலம் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று போகவும் விடாது. லேப்டாப்பில் இதே படலம் காற்று வெளியேறும் வாய்க்கு உட்புறம் குறுக்குச் சுவர் போல நிற்கும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெட்டுப்போகும்.

ஹீட்சிங்கையே கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியது வையுங்கள். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்பது தவறு. கோடையில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும் ஊர்களில், மூடிய மர மேசைக்குள் கேபினட்டை வைத்திருந்தால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது. முதலில் அதை வெளியே எடுங்கள்.

சுத்தம் செய்த பிறகு முன்னைவிட மோசமாகிவிட்டது!

இன்டெல் பிராசஸரோடு வரும் வட்டமான விசிறியா? அது நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்டில் நிற்பது. ஒவ்வொரு முளையும் "டிக்" என்று அமர வேண்டும். மூன்று அமர்ந்து ஒன்று அமராவிட்டாலும் ஹீட்சிங்க் ஒருபுறமாகத் தூக்கிக்கொள்ளும். பார்வைக்குச் சரியாகத் தெரியும், கணினியும் ஓடும், ஆனால் சில நிமிடங்களில் கொதிநிலைக்குப் போய் வேகம் விழுந்துவிடும். முளையை அதன் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் முழுவதுமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். முடிந்தால் மதர்போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான்கு வெள்ளை முளைகளும் ஒரே அளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

லேப்டாப் திடீரென்று எல்லாவற்றிலும் ஆமையாகிவிட்டது. சூடும் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் வேகத்தைப் பாருங்கள். என்ன வேலை கொடுத்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே ஆணியடித்தது போல நின்றால், சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் இத்தனை வாட்" என்று சார்ஜர் தெரிவிப்பது அதன் வழியாகத்தான். அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே அதன் கம்பி அறுந்தாலோ, மலிவு விலை மாற்றுச் சார்ஜரைப் போட்டாலோ, லேப்டாப் அதை நம்பாமல் பிராசஸரின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். மின்சாரம் வரும், விளக்கு எரியும், பேட்டரி மட்டும் ஏறாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டும்போது வேகம் திரும்பினால் வழக்கு முடிந்தது.

புது மானிட்டர் வாங்கினேன். அதன் பிறகுதான் எல்லாம் மந்தம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய 1366க்கு 768 திரையில் சுமார் 10.5 இலட்சம் பிக்சல்கள். 1920க்கு 1080 திரையில் 20.7 இலட்சம். 4கே திரையில் 83 இலட்சம். ஒவ்வொரு படத்துக்கும் அத்தனையையும் நிரப்ப வேண்டியது அதே பழைய சில்லுதான். விளையாட்டில் மட்டும் பிக்சல் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4கே தொலைக்காட்சியில் மாட்டியவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய கணினிகளின் எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். சுட்டியே கனத்தது போல இருக்கும். எந்த விண்டோஸ் அமைப்பும் இதைச் சரிசெய்யாது. 1080பிக்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் உடனே சரியாகும்.

தனிக் கார்டு இல்லை. ரேம் கூட்டினால் கிராஃபிக்ஸ் வேகமாகுமா?

ஆகும், எப்படிக் கூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மதர்போர்டோடு சேர்ந்த கிராஃபிக்ஸுக்கு நினைவகம் என்று தனியாக எதுவும் இல்லை, பிராசஸரோடு ரேமைப் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 ரேம் ஒற்றைப் பட்டையாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி தரவு போகும். ஒரே மாதிரி இரண்டு பட்டைகளை இரண்டு சேனலிலும், அதாவது ரேமுக்குப் போகும் இரண்டு பாதைகளிலும், போட்டால் 25.6 ஜிபி. ஆகவே ஒரே 8 ஜிபி பட்டையைவிட இரண்டு 4 ஜிபி பட்டைகள் கிராஃபிக்ஸுக்கு நல்லது. கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பட்டையைத்தான் நீட்டுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

கணினி எழும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் போய் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை 32 எம்பியிலிருந்து 512 எம்பியாக மாற்றினால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சில பழைய விளையாட்டுகள் "நினைவகம் போதாது" என்று அடம்பிடிப்பதை அது நிறுத்தும், அவ்வளவுதான். ஏற்கெனவே 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் அப்படிச் செய்தால் மற்ற நிரல்களின் வயிற்றில் அடித்ததாகும்.

தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் கேட்பதும் இதையேதான். அவற்றில் பலவற்றிலும் தனிக் கார்டு கிடையாது. அடியில் உள்ள மூடியைத் திறந்து இரண்டாவது ரேம் துளை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல காலம்.

சரி, பழைய கார்டு ஒன்று வாங்கலாம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ஜிபி எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஏமாறுவதற்கு அதைவிட நேர்வழி இல்லை.

2014இல் வந்த ஜிடி 730ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மூன்று வேறு கார்டுகள். ஒன்று பழைய ஃபெர்மி சில்லும் டிடிஆர்3 நினைவகமும் கொண்டது. இன்னொன்று கெப்ளர் சில்லு, ஆனால் நினைவகப் பாதை 64 பிட் அகலம் மட்டுமே உள்ள டிடிஆர்3, நொடிக்கு 14.4 ஜிபிதான் போகும். மூன்றாவது அதே கெப்ளர் சில்லோடு வேகமான ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. 40 ஜிபி போகும். பெட்டியில் "4 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கப்படுவது பெரும்பாலும் டிடிஆர்3 சாதி. 1 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டு அதை எளிதில் முந்திவிடும். ஜிடி 1030இலும் இதே கூத்துதான்: 2017இல் வந்தது ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி, அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த டிடிஆர்4 வடிவத்துக்கு 16.8 ஜிபிதான்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டு வாங்கும்போது, கடையிலேயே மாட்டி ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். நினைவக வகையும் பிட் அகலமும் அதில் தெரியும். பழைய சில்லின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் நிரலை, மாற்றிப் புதிய பெயர் சூட்டிய போலிகளும் சந்தையில் உண்டு. 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 சில்லை வைத்துக்கொண்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சொல்பவை பெயர்போனவை. ஜிபியு-இசட் 2018 முதல் இத்தகைய என்விடியா போலிகளை அடையாளம் கண்டு, பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிவிடுகிறது.

கார்டை மாட்டியாயிற்று. உள்ளே வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டை. கார்டு செருகும் மதர்போர்டுத் துளை கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். கார்டில் ஆறு ஊசி மின்துளை இருந்தால் கணினியின் மின்பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள் அதில் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கார்டுகள் திரையே காட்டாது, சில நொண்டிக்கொண்டு ஓடும். அடுத்தது, நீளமான துளைகள் இரண்டு இருந்தால் பிராசஸருக்கு அருகில் உள்ளதில் போடுங்கள். மற்றது பார்க்க அதே நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு தரவுப் பாதைகள் மட்டுமே இணைக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.

லினக்ஸ் போட்டேன். ஜன்னல்கள் திக்கித் திக்கி நகர்கின்றன.

ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓட்டி, ஓபன்ஜிஎல் ரெண்டரர் வரியைப் படியுங்கள். எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால் படம் வரைவது பிராசஸர்தான். நிறுவும்போது திரை கறுப்பாக வந்தது என்று லினக்ஸை எழுப்பும் நிரலான கிரப்பில் "நோமோட்செட்" (nomodeset) சேர்த்திருப்பீர்கள். அது அங்கேயே தங்கிவிட்டிருக்கும். எடுத்துவிடுங்கள்.

என்விடியா கார்டோடு, லினக்ஸோடு வரும் திறந்த மூல டிரைவரான நூவோ ஓடினால் கதை வேறு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள், நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) இல்லாமல் தம் வேகத்தை உயர்த்த விடுவதில்லை. ஆகவே நூவோவில் அவை கணினி எழுந்தபோது இருந்த குறைந்த வேகத்திலேயே கிடக்கும். நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடுவதைத் தவிர வழியில்லை. கெப்ளர் கார்டுகளுக்கு 470 வரிசை, ஃபெர்மிக்கு 390 வரிசை. ஆனால் மிகப் புதிய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) இந்தப் பழைய டிரைவர்கள் ஏறாமல் அடம்பிடிக்கும். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி.

எதுவுமே ஓடாதபோதும் கார்டின் விசிறி இரைகிறதே?

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சில்லு, நெடுவரிசையை அழுத்தி, யார் மேலே வருகிறார்கள் என்று பாருங்கள். இந்த வசதி விண்டோஸ் 10இன் 2017 இறுதிப் பதிப்பிலிருந்து உண்டு. மிகப் பழைய டிரைவர்களில் தெரியாது. பெயர் தெரியாத நிரல் ஒன்று கார்டை முழுமூச்சாக ஓட்டிக்கொண்டிருந்தால், திருட்டு மென்பொருளோடு வந்த நாணயச் சுரங்கமாக, அதாவது உங்கள் கார்டை வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரலாக, இருக்கலாம். வைரஸ் சோதனை போதாது என்பது என் கருத்து; கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் கிராஃபிக்ஸ் வேகமாகுமா?

விளையாட்டின் படவேகம் கூடாது. ஆனால் 4 ஜிபி ரேமோடு சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில், ரேம் நிரம்பி டிஸ்க்குக்குப் போய்வரும்போது ஏற்படும் திக்கல்கள் பெருமளவு மறையும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் நான் எஸ்எஸ்டிக்குத்தான் கையை நீட்டுவேன்.

செத்துப்போன கார்டை ஓவனில் சுட்டால் உயிர் வரும் என்கிறார்களே?

சில நாட்களுக்கு வந்தாலும் மறுபடி போய்விடும். பிளாஸ்டிக் புகை படிந்த அந்த ஓவனில் பிறகு கேக் செய்ய வேண்டாம்.

இவை எல்லாம் பார்த்தாயிற்று. கடைக்குக் கொண்டுபோகும்போது என்ன எடுத்துச் செல்வது?

டிஎக்ஸ்டயாக் ஜன்னலின் அடியில் எல்லாத் தகவல்களையும் கோப்பாகச் சேமிக்கும் பொத்தான் உண்டு, அந்தக் கோப்பு. அரை மணி நேர ஓட்டத்தில் எடுத்த வெப்பநிலைப் பதிவு. லேப்டாப் என்றால் கட்டாயம் சார்ஜர். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் கோளாறும் வீட்டிலேயே இருந்துவிடலாம். கேட்பவரிடம் "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த நிரலில், எத்தனை நிமிடம் கழித்து, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதையாவது மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.